பாட்டுக்கு உரியவர் யார்?

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் விடியற்காலை மூடுபனி விலகும்போது முதலில் கண்ணுக்குப் புலனாவது தேயிலைச் சரிவு. பச்சைப் பாய் விரித்தாற்போல் அது குன்றுக்குக் குன்று தொடர்ந்து செல்லும். அதனைக் கண்டு களித்துப் படம் எடுத்துச் செல்வோர் பலர். ஆனால், அச்சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளோடு கூடவே எழுந்து அடங்கிய பாடல்களைக் கேட்டுச் சென்றோர் எத்தனை பேர்? கண்ணுக்கு விருந்தானதை உலகம் அறிந்துகொண்டது. காதுக்கு விருந்தானதை அறியாமலே விட்டுவிட்டது.

இன்று பலரும் அறியாத நாட்டுப்பாடல்களைத் தேடிக் கேட்பதும், அவற்றை ஒலிப்பதிவு செய்து பிறரோடு பகிர்ந்துகொள்வதும் இளைஞரிடையே வளர்ந்துவரும் ஆர்வமாகும். இது மகிழத்தக்கதே. ஆயினும், அம்மகிழ்ச்சியின் அடியில் ஓர் அறவினாவும் கிடக்கின்றது. ஒருவர் வாயில் வாழும் பாட்டை மற்றொருவர் எடுத்து உலகுக்கு வழங்கும்போது அப்பாட்டு யாருக்கு உரியது? வழங்குகின்றவர் யாருக்கு, எதற்குக் கடன்பட்டவர்?

'கண்டுபிடித்தல்' என்னும் சொல்லையே முதலில் ஆராய வேண்டும். 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தார். அதனால் மலை அவர் பெயரைப் பெற்றது. அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செமாய் இனத்துப் பூர்வகுடி மக்கள் அங்கு வாழ்ந்து வந்தனர். அவர்களுக்கு அம்மலை எந்நாளும் தொலைந்து போயிருக்கவில்லை. அறியாதவர் அறிந்துகொண்ட நாளே கண்டுபிடித்த நாளாக ஏட்டில் ஏறிற்று. பாட்டின் கதையும் இதுவே. 'யாரும் அறியாத பாடல்' என்று ஒன்றை ஒருவர் கொணரும்போது, 'யார் அறியாத பாடல்?' என்று திருப்பிக் கேட்பது தகும். பாடியவள் அறிவாள், அவள் மடியில் உறங்கிய பிள்ளை அறியும், லயத்தில் அடுத்த வீட்டார் அறிவர்.

1929ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு அழித்து, கன்று நட்டு, கொழுந்து பறித்த உழைப்பில் பெரும்பங்கு தமிழகத்திலிருந்து வந்தவர்களுடையது. கங்காணி வழியாகவும் உறவினர் வழியாகவும் மலாயாவுக்கு வந்த ஏழை மக்கள் கொண்டுவந்த உடைமை ஒரு துணி மூட்டைக்குள் அடங்கும். மூட்டைக்குள் அடங்காத உடைமை பாட்டு. தாலாட்டும் தெம்மாங்கும் கும்மியும் ஒப்பாரியும் கப்பலேறி வந்தன. வந்த இடத்தில் அவை மாறாமல் இருக்கவில்லை. ஏரும் ஏற்றமும் இருந்த இடத்தில் கூடையும் கொழுந்தும் வந்தன. பண்ணையார் இருந்த இடத்தில் துரையும் கிராணியும் தண்டலும் வந்தனர். நேரில் கேட்க இயலாத கேள்வியைப் பாட்டில் கேட்டனர். நேரில் அழ இயலாத அழுகையைப் பாட்டில் அழுதனர். சம்பளக் கணக்கும் வருகைக் கணக்கும் தோட்ட அலுவலகப் பேரேட்டில் இருந்தன. மனத்தின் கணக்கு இருந்த ஒரே பேரேடு பாட்டுத்தான்.

அப்பேரேடு இப்போது மூடப்பட்டு வருகிறது. கொழுந்தைக் கையால் பறித்தது போய்க் கத்தரி வந்தது. கத்தரிக்குப் பின் இயந்திரம் வந்தது. இன்று செங்குத்தான சரிவுகளில்தான் கைப்பறிப்பைக் காணலாம். கை வேலையில் இருக்க, வாய் ஓய்வாக இருக்கும் தொழிலில்தான் பாட்டுப் பிறக்கும். வரிசையில் நிற்கும் ஒருத்தி எடுக்க மற்றவள் தொடுக்க வேண்டும். இருவர் தூக்கிப் பிடிக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் எடுப்பாரும் இல்லை, தொடுப்பாரும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துப் பட்டணங்களுக்குச் சென்றனர். அது வருந்தத்தக்கதன்று, பெற்றோர் வேண்டி நின்றதே அதுதான். இன்று சரிவுகளில் உழைப்போருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் தம் ஊர்ப் பாட்டு இருக்கும். அதையும் ஒரு நாள் யாரேனும் தேட வேண்டியிருக்கும்.

எனவே, பாடல்களைத் தேடித் தொகுத்தோர் செய்த பணி சிறிதன்று. 1871ஆம் ஆண்டில் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் 'மலையருவி' வெளிவந்தது. 1964இல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வெளியாயிற்று. இலங்கைத் தேயிலை மலைகளில் பிறந்து வளர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் பாடல்களைத் தாமே திரட்டினார். அவை அவர் மறைவுக்குப் பின் 1987இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாயின. மலேசியத் தோட்டப்புறங்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டியோருள் முரசு நெடுமாறன் குறிப்பிடத்தக்கவர். இவர்கள் இல்லையேல் மிஞ்சியிருப்பது மௌனமே. எனினும், பழைய தொகுப்புகள் பலவற்றில் தொகுத்தவர் பெயர் முகப்பில் ஒளிர்கிறது. பாடியவர் பெயர் உள்ளேயும் இருப்பதில்லை.

பெயர் இல்லாமற் போவதால் என்ன கேடு என்று கேட்கலாம். அதற்கு விடை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. சாலமன் லிண்டா என்னும் சூலு இனப் பாடகர் 1939இல் 'முபூபே' என்ற பாடலை ஜோகன்னஸ்பர்க்கில் ஒலிப்பதிவு செய்தார். அது அமெரிக்காவுக்குச் சென்று உருமாறி, 1961இல் உலகப் புகழ் எய்திற்று. அதனால் பிறர் செல்வம் சேர்த்தனர். லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவருடைய மக்களுக்கு நியாயமான ஓர் உடன்பாடு கிடைக்க 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. பாட்டை உலகமே பாடிற்று; பாடியவனை உலகம் அறியவில்லை.

தமிழிலும் அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2021இல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' திரைப்படத்தைச் சாராத தனிப்பாடல். அதன் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வாழ்வு. அப்பாட்டியின் பெயர் பாடலுக்குள்ளேயே ஒலிக்கிறது. பாடல் கோடிக்கணக்கானோரைச் சென்று சேர்ந்தது. பின்னர் அதன் பெருமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கும் பொதுவெளியில் எழுந்தது. சம்பந்தப்பட்டோர் வெவ்வேறு விளக்கங்கள் கூறினர். அவ்வழக்கின் தீர்ப்பு எதுவாயினும் ஆகுக. பேரன் பாட்டியின் பெயரைப் பாட்டுக்குள் வைத்ததனால், அப்பெயரை யாராலும் எளிதில் அகற்ற முடியாது என்பது மட்டும் உறுதி.

இங்கு ஒரு தடை எழலாம். நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் இல்லை, அது பொதுச்சொத்து, பொதுச்சொத்தை எடுத்தாள யாரைக் கேட்பது? இத்தடை வலிமையுடையது. ஆனால், பொது என்பதற்கும் உரியவர் அற்றது என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஊர்ப்பொதுக் கிணற்றில் யாவரும் நீர் இறைக்கலாம். வழிப்போக்கன் தாகம் தீர்ப்பதை ஊர் தடுக்காது. கிணற்றைச் சுற்றி வேலி இட்டு, நீரை விலைக்கு விற்று, தோண்டியவன் தானே என்று பலகையும் நாட்டினால் ஊர் பொறுக்குமா?

மற்றொரு தடையும் உண்டு. அது இன்னும் கூரியது. இசைவு கேட்டு, பெயர் கேட்டு, வரலாறு கேட்டு நிற்பதற்குள் பாடியவர் மறைந்துவிட்டால் பாட்டே போய்விடாதா? போகலாம். எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவரிடம் இளைஞன் ஒருவன் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று ஒப்பாரி ஒன்று பாடக் கேட்கிறான் என்க. "விளக்கு வைத்த வீட்டில் அதைப் பாடலாமா, தம்பி?" என்று அவர் மறுப்பார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்பது மரபு. அதற்கு அப்பாலும் காரணம் இருக்கலாம். அப்பாட்டில் அவர் புதைத்த பிள்ளை இருக்கலாம்; அவரை வாட்டிய கங்காணியின் பெயர் இருக்கலாம். கேட்கின்றவனுக்கு அது அரிய சரக்கு. பாடுகின்றவருக்கு அது ஆறாத புண். அவர் தாமாக மனமிசைந்து வீட்டுக்கு வெளியே வந்து பாடும்வரை காத்திருப்பதே அறம். அவர் பாடாமலே மறைந்தால் உலகுக்கு ஒரு பாட்டு இழப்புத்தான். ஆனால், மறுக்கும் உரிமை இல்லாதவருக்குக் கொடுக்கும் பெருமையும் இல்லை. வாழ்நாளெல்லாம் பிறர் கட்டளைக்குக் கைகளை நீட்டியவரிடம், கடைசியில் குரலையும் அவ்வாறே நீட்டச் சொல்வது கொடுமை.

இதற்கு வழிகாட்டி வெளியே தேட வேண்டுவதில்லை. மக்கள் பாட்டைக் காப்பியத்துள் கொணர்ந்த இளங்கோவடிகள், வேட்டுவ வரியை வேட்டுவரிடமும் ஆய்ச்சியர் குரவையை ஆய்ச்சியரிடமும் குன்றக் குரவையைக் குறவரிடமும் வைத்தே பாடினார். இன்னார், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்ன காரணத்தால் பாடினர் என்பது பாட்டோடு பிரியாமல் நிற்கின்றது. கண்ணகி விண்ணேகிய செய்தியை முதலில் கண்டு சொன்னவர் குன்றக் குறவர் என்பதைப் பதிகமே தொடக்கத்தில் அறிவித்துவிடுகிறது. அரச குடியில் பிறந்த துறவி, மலைவாழ் மக்களின் வாய்ச்சொல்லால் தாம் அறிந்ததை மறைக்கவில்லை. அதனால் அவர் புகழ் குறையவும் இல்லை.

ஆகவே, அறியாத பாட்டை உலகுக்கு வழங்குவோர் இறுக்க வேண்டிய கடன்கள் தெளிவானவை. பாடியவர் விரும்பினால் பெயரைச் சொல்லுதல், விரும்பாவிடின் காத்தல். தோட்டத்தையும் தொழிலையும் பாட்டிலிருந்து பிரிக்காதிருத்தல். பொருள் வந்தால் பங்கிடுதல். எல்லாவற்றிற்கும் மேலாக, பதிந்த பாட்டை அதே தோட்டத்துப் பேரப்பிள்ளைகளின் காதுக்கு முதலில் கொண்டுசேர்த்தல். தொலைவில் இருப்போர் வியந்து கேட்க, சொந்தப் பேரன் அறியாதிருப்பானாயின், பாட்டு காக்கப்பட்டது என்று சொல்ல இயலாது. இடம் மாற்றப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

தேயிலைக்குப் பெட்டியில் தோட்டத்தின் பெயரை அச்சிடுகிறார்கள். எந்த மலையில், எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று அறிந்து சுவைப்பதில் பெருமை கொள்வோரும் உண்டு. அந்தக் கொழுந்தைப் பறித்த கைக்குரியவரின் பாட்டுக்கும் அந்த மரியாதையேனும் கிடைக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று.