விவேகமும் தந்திரமும்

நல்லதோர் இலக்கை அடைவதற்காகப் பொய்யான வழியைக் கையாளுவது விவேகமாகுமா? ஒழுக்க இறையியல் வகுப்பில் இவ்வினாவிற்கு விடை எழுதுவது எளிது. அண்மையில் நமது பங்கு இல்லத்து மேசைமீது, ஒரு கணினியின் தாய்ப்பலகை வடிவில் அது வந்து நின்றபோது விடை அத்துணை எளிதாக இருக்கவில்லை.

மாலைப் படிப்பகத்திற்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே பூட்டினால் செலவு குறையும் என்றார், பாலிடெக்னிக்கில் பயிலும் நம் பங்குத் தம்பி ஒருவர். பணமோ இறைமக்கள் சிறுகச் சிறுகத் தந்தது. எனவே மிகுந்த கவனத்துடன் தேர்வில் இறங்கினோம்.

கணக்கிடுவது செயலியின் வேலை. நினைவில் வைப்பது நினைவகத்தின் வேலை. 'மதர்போர்டு' என்று கடைவீதியில் வழங்கும் தாய்ப்பலகை இவற்றையெல்லாம் இணைத்துத் தாங்குகிறது. எந்த உறுப்பு எதனோடு சேரும் என்பதையும் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. இன்டெல் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த 1700 ஊசிகளுடைய பீடத்தில் ஏ.எம்.டி. செயலி அமராது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்னும் இருவகை நினைவகத் துண்டுகளில் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றிற்குரிய இடத்தில் மற்றது நுழையாது. ஏ.டி.எக்ஸ். பலகையின் அளவு 305க்கு 244 மில்லிமீட்டர்; மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை நீளத்திலும் அகலத்திலும் 244ஐத் தாண்டாது. வாங்கும் பெட்டி எதற்கு இடம் தரும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

நன்கொடையாக வந்த டி.டி.ஆர்.4 துண்டுகள் இரண்டு கையில் இருந்தன. ஆகவே புதியதே வேண்டும் என்ற ஆசையை விலக்கி, அவற்றை ஏற்கும் சிறிய பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். விசாரித்தும் ஒப்பிட்டும் முடிவெடுக்க மூன்று வாரங்கள் ஆயின. நமது விவேகத்தை எண்ணி நாமே சற்று மகிழ்ந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பூட்டும் நாள் வந்தது. இவ்வகைப் பலகையில் ஊசிகள் செயலியில் இல்லை. பலகையின் பீடத்திலேயே உள்ளன. மிக மெல்லியவை. அவற்றைக் காக்க ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. செயலியை அமர்த்தி நெம்புகோலை அழுத்தும்போது அம்மூடி தானே கழன்று வரும். இதைத் தம்பி நமக்கு முன்னரே சொல்லியிருந்தார். ஆனால் மாலைத் திருப்பலிக்கு முதல் மணி அடித்துவிட்டது. அங்கி அணிந்தபடியே வந்த நாம், விரைந்து முடிக்கும் எண்ணத்தில் மூடியைக் கையால் கழற்றினோம். அங்கியின் கைவிளிம்பு ஊசிகளில் சிக்கியது. மூன்று ஊசிகள் வளைந்தன.

சற்று நேர அமைதிக்குப் பின் தம்பி தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாமி, வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடுவோம். மாத்திக் கொடுத்துடுவாங்க. புள்ளைங்க காசு சாமி, வீணாகக் கூடாது."

அவரைத் திருத்த வேண்டிய நாம் வாய் திறக்கவில்லை. அச்சொல் நமக்கு இனித்தது. பலிபீடத்தில் நின்றபோதும், கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று உள்ளம் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தது. பிறருடைய பாவங்களைக் கேட்டு ஆலோசனை சொல்லிப் பழகிய உள்ளம் அது.

அன்றிரவு, குருமடத்தில் படித்த புனித தோமா அக்குவினாரின் இறையியல் தொகுப்பு நினைவிற்கு வந்தது. ஆராய்தல், தீர்மானித்தல், செயல்படக் கட்டளையிடுதல் என விவேகத்திற்கு மூன்று செயல்கள் உண்டென்றும், மூன்றாவதே தலையாயது என்றும் அவர் கற்பிக்கிறார். முதலிரண்டில் மூன்று வாரம் செலவிட்ட நாம், மூன்றாவதில் சில நிமிடப் பொறுமையின்றி வீழ்ந்தோம். எது சரி என்று அறிந்திருந்தும் நம் கைக்கு நாம் கட்டளையிடவில்லை.

அவர் மேலும் ஒன்றைச் சுட்டுகிறார். தொழிலில் அறியாமல் பிழைப்பவனைவிட, வேண்டுமென்றே பிழைப்பவன் சிறந்த தொழிலாளியாகக் கருதப்படலாம். ஏனெனில் அவனுக்குத் தொழில் தெரியும். விவேகத்திலோ இது தலைகீழாகும். தெரிந்தே தவறுபவன் கூடுதலாக விவேகமற்றவன். ஊசி வளைந்தது நம் அசட்டையால். பொய் சொல்லியிருந்தால் அது நம் விருப்பத்தால் நிகழ்ந்திருக்கும். நல்ல நோக்கத்திற்காகவே ஆயினும் போலியான வழியைத் தேடுவதற்கு அவர் விவேகம் என்று பெயரிடவில்லை; தந்திரம் என்றே பெயரிடுகிறார். இரண்டும் உருவில் ஒத்திருப்பதே ஆபத்து. இரண்டும் கணக்கிடும்; இரண்டும் சிக்கனம் பேசும். ஏழைப் பிள்ளைகளின் நலனைக்கூடத் தந்திரம் தனக்கு முகமூடியாக அணிந்துகொள்ளும். பிள்ளைகளின் பணத்தைக் காக்கும் சாக்கில் கடைக்காரரின் பணத்தை எடுப்பது ஏழாம் கட்டளையையும் எட்டாம் கட்டளையையும் ஒருசேர மீறுவதன்றி வேறென்ன?

மறுநாள் தம்பியையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்று, நடந்ததை நடந்தவாறே கூறினோம். கையால் நேர்ந்த சேதத்திற்கு உத்தரவாதம் பொருந்தாது என்றார் கடைக்காரர். உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஊசிகளை நிமிர்த்த முயன்றார். இரண்டு நிமிர்ந்தன, ஒன்று ஒடிந்தது. நம் சொந்தப் பணத்தில் அதே வகைப் பலகை ஒன்றை வாங்கினோம். அம்மாதம் நாம் வாங்க எண்ணியிருந்த நூல்கள் சில கடையிலேயே தங்கிவிட்டன. திரும்பும் வழியில் தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சாமி" என்றார். நாமும் உடனே மறுத்திருக்க வேண்டும் என்று சொன்னோம். ஒருவர்க்கொருவர் செய்துகொண்ட பாவ அறிக்கையாக அது அமைந்தது.

இரண்டாம் முறை தம்பியே பூட்டினார். மூடி தானாகவே கழன்று விழுந்தது. பெட்டியில் பித்தளைத் தாங்கிகள் பலகையின் துளைகளுக்கு நேராக உள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, திருகாணிகளை அளவாக முறுக்கினார். நாம் கைகளைக் கட்டிக்கொண்டு அருகில் நின்றோம்.

இப்போது பிள்ளைகள் நாள்தோறும் அக்கணினியில் பயில்கின்றனர். பெட்டியின் உள்ளே இருக்கும் பலகையை எவரும் காண்பதில்லை. அது எவ்வழியில் வந்தது என்று எவரும் கேட்கப்போவதுமில்லை. மனச்சான்றும் அப்படித்தான் உள்ளே இருக்கிறது. நற்பணிகளில் ஈடுபடும் நாம் அனைவரும், சிறப்பாகப் பிறர் பணத்தைக் கையாளும் நாம், நல்ல நோக்கம் ஒன்று நம் கையில் இருக்கும் வேளையில்தான் கூடுதல் விழிப்பாய் இருப்போம்.