புரிஞ்சுதா சார்?

செங்கல்பட்டில் வீடு கட்டியபோது இன்ஜினீயர் பிளானை விரித்து, எலிவேஷன், லிண்டல் என்று அடுக்கினார். 'புரிஞ்சுதா சார்?' கௌரவம் விடுமா? பலமாகத் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டேன்.

சுவர் எழும்பியதும் அம்மா கேட்டாள்: 'ஏண்டா, அடுப்படியில நின்னா வாசல்ல யாரு வர்றான்னே தெரியலையே?'

புரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகுமா? ஆகாது என்றால், தப்பு யார்மேல்?

முட்டுக்காட்டில், மாமல்லபுரம் போகிற வழியில், 1996-ல் திறந்த தக்ஷிணசித்ரா இருக்கிறது. அந்த வளாகத்தை வடிவமைத்த லாரி பேக்கர், வீட்டுச் செலவைக் குறைக்கும் வழிகளைக் கையாலேயே எழுதி, படம் போட்டுச் சின்னப் புத்தகங்களாகத் தந்தவர். ஜன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி வைத்தால் காற்றும் வரும், காசும் மிச்சம். படத்தைப் பார்த்தாலே விளங்கும்.

பழைய மேஸ்திரிகளும் அப்படித்தான். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 'இதாம்மா அடுப்படி, உள்ள வந்து நின்னு பாருங்க' என்பார்கள்.

தெரிந்தவருக்குத்தான் பொறுப்பு அதிகம். என்ன கேட்பது என்றே தெரியாதவன் எப்படிக் கேட்பான்?

ஆனால், முழுப் பழியையும் அவர் தலையில் கட்ட மனசு வரவில்லை. அந்த அடுப்படியில் தினமும் நிற்கப்போகிறவளை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லையே!