சூலை சொன்ன சேதி



வலி வந்தால், "எப்போது போகும்?" என்று கேட்கிறோம். "எதற்காக வந்தாய்?" என்று அதனிடம் கேட்பவர் யார்?

வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் ஓர் உண்மையைக் கண்டார். வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டது தெரியாமல்தான் அவர்களில் பலருடைய கைகால்கள் சிதைந்தன. உடம்புக்கு வலி காவல். உள்ளத்துக்கும் அப்படியே என்பதற்கு அப்பர் பெருமான் சாட்சி.

திருவாமூரில் பிறந்த அவருக்கு இளமைப் பெயர் மருள்நீக்கியார். அவர் சிறுவராக இருக்கும்போதே தந்தை புகழனார் நோயில் மறைந்தார். தாய் மாதினியாரும் உடன் போனார். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிரை விடத் துணிந்தார் அக்கா. "நீங்கள் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன்" என்று காலில் விழுந்து கதறினார் தம்பி. அவருக்காகவே அம்மையார் உயிர் தாங்கினார்.

பிறகு? நிலையாமையை எண்ணி மெய்ப்பொருள் தேடிப் போன தம்பி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரில் துறவியானார். கல்வி, வாதத் திறமை, தலைமை எல்லாம் வந்தன. 'என்னை விட்டுப் போகாதீர்கள்' என்று அழுதவரே அக்காவைத் தனியே விட்டுப் போய்விட்டார்! அறிவு அதற்கு ஆயிரம் நியாயம் சொல்லியிருக்கும். ஆழ்மனம் ஒப்புமா?

ஒருநாள் வயிற்றில் சூலை என்னும் கடும் வலி குடைந்தது. சமணர்கள் மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். குறையவில்லை. துடித்த அந்த வேளையில் நினைவுக்கு வந்தது யார்? படித்த நூல்களா? அக்கா! ஆளனுப்பினார். "அங்கே வரமாட்டேன்" என்றுவிட்டார் அம்மையார். இரவோடு இரவாகச் சமணத் துறவிக்குரிய பாயுடையைக் களைந்தார். குண்டிகையையும் பீலியையும் விட்டார். வெள்ளாடை சுற்றி, கைகொடுத்தவரைப் பற்றிக்கொண்டு அக்கா இருந்த திருவதிகை சேர்ந்தார். அக்கா கையால் திருநீறு பெற்றார். அங்குள்ள வீரட்டானக் கோயில் இறைவன்முன் பதிகம் பாடினார். சூலை தீர்ந்தது.

திலகவதியார் வேண்டியதால் சிவபெருமானே சூலையைத் தந்து ஆட்கொண்டான் என்கிறார் அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார். அடிமனத்தில் குடியிருப்பவனும் அவன்தானே! அவன் சேதி அந்த வழியாகத்தானே வரும்?

இதைக் கேட்டுவிட்டு வயிற்றுவலிக்கு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள். சொன்ன பரிசோதனைகளைச் செய்யுங்கள். எல்லா வலிக்கும் மனம்தான் காரணம் என்பதும் தவறு. 'ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை' என்ற பிறகும் வலியென்று சொல்பவரை, நடிக்கிறார் என்று ஏசாதீர்கள். அந்த வலி நிஜம். பக்கத்தில் உட்கார்ந்து, மனத்தில் என்ன பாரம் என்று கேளுங்கள்.

உங்களுக்கே அப்படி இருந்தால், மருந்தோடு சேர்த்து ஒரு கேள்வியையும் விழுங்குங்கள்: 'யாரை விட்டு நான் விலகி வந்தேன்? எந்தத் துக்கத்தை அழாமல் அடக்கினேன்?' பதிலாக ஒரு முகம் தோன்றினால், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றே போய்ப் பாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.