எதிர்பார்க்கும் வருமானம்

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. கடன் பிரிவில் மனுக்களை வாங்கி, சரிபார்த்து, மேனேஜருக்கு அனுப்புவது என் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே எழுதப்போகிற விஷயத்தில் எனக்கு இருக்கும் குழப்பம் பெரும்பாலும் இந்த நாற்காலியிலிருந்து வந்தது.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒருவர் வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். ஒன்றரை லட்சம் வேண்டும் என்றார். அவர் ஊர்க் கண்மாயில் மடை திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தக் கிழவரின் தலையில் மட்டும் இருக்கிறது. அவருக்குப் பின் அந்த வேலைக்கு ஆள் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் கூடவே இருந்து ஒரு டாகுமென்டரி எடுக்க வேண்டும் என்பது வந்தவரின் ஆசை.

மனுவில் ‘எதிர்பார்க்கும் வருமானம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தெளிவான எழுத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். ‘ஏதாவது ஒரு தொகையப் போடுங்க சார். கல்யாண ஆர்டர்னு காட்டிடலாம். இப்படி எழுதினா மேல போகாது’ என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் மனுவையே பார்த்தார். ‘அப்ப அது கல்யாண வீடியோவுக்கு வாங்குற கடன்தானே சார்? இதுக்கு வாங்கினதா ஆகாதே’ என்று சொல்லிவிட்டு மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அவரைப் பொய் சொல்லச் சொன்னேன் என்பது அன்று மாலை பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

வங்கி இப்படிக் கேட்பதில் தவறில்லை. யாரோ சேமித்துப் போட்ட பணம் அது. திரும்பி வர வேண்டும். ஆனால் வங்கி அல்லாத இடமும் இதே கேள்வியைக் கேட்குமானால், அந்த ‘இல்லை’யை எழுதுகிறவன் எங்கே போவான்? கலைக்கென்று பொதுப்பணத்தில் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தப்படும்போது அது கலைஞனிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தார்மீகப் பிரச்னை. நம் சினிமாவின் சரித்திரத்தில் இந்தப் பிரச்னை நேரடியாகவே எழுந்து, தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

எஸ். கே. பாட்டீல் தலைமையிலான விசாரணைக் குழு 1951ல் தந்த அறிக்கையின் சிபாரிசுகளில் ஒன்று, சினிமாவுக்குக் கடன் தர ஓர் அமைப்பு வேண்டும் என்பது. ஒன்பது வருஷம் கழித்து, 1960ல், ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. பெயரிலேயே சங்கதி இருக்கிறது. அது ஒரு வட்டிக்கடை. சர்க்கார் நடத்திய, நல்லெண்ணம் கொண்ட வட்டிக்கடை. அறுபதுகளின் இறுதியில் அது துணிந்து புதியவர்களின் பக்கம் திரும்பியது. மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969), மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’ (1969), குமார் ஷஹானியின் ‘மாயா தர்ப்பண்’ (1972) எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை.

இவற்றில் ‘புவன் ஷோம்’ ஓரளவு ஓடியது. ‘உஸ்கி ரோட்டி’யை நான் ஒரு திரைப்படக் கழகத்தில் பார்த்தேன். ஆரம்பத்தில் இருபது பேர், முடியும்போது ஏழு பேர். பஸ் டிரைவரான கணவனுக்கு ரொட்டி கொண்டுவந்து சாலையோரத்தில் நிற்கிற ஒரு பெண். படம் பெரும்பாலும் அவள் காத்திருப்பதுதான். எனக்கும் நடுவில் பொறுமை போயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மறுநாள் கவுண்டரில் உட்கார்ந்திருக்கையில், வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கையிலிருந்த பாஸ்புக்கைப் பிடித்திருந்த விதம் என் கண்ணில் பட்டது. அதற்கு முன் எத்தனையோ பேர் அப்படி என் முன்னால் நின்றிருக்கிறார்கள். நான் பார்த்ததில்லை. இந்தப் படத்தின் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எழுத இடமில்லாததால்தான் 1976ல் நாடாளுமன்றத்தின் பொதுத்துறை நிறுவனங்கள் குழு அந்தக் கார்ப்பரேஷனைக் கடுமையாக விமர்சித்தது. வியாபாரத்துக்கு உதவாத படங்களுக்குக் கடன் கொடுத்து, பணம் முடங்கிவிட்டது என்பது குற்றச்சாட்டு. கணக்கு என்ற அளவில் குழு சொன்னது சரியாகவே இருக்கலாம். கடன் என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டால், திரும்பாத பணம் வாராக்கடன்தான்; வாங்கியவன் ஏமாற்றியவன்தான். ‘மாயா தர்ப்பண்’ணுக்குப் பிறகு ஷஹானியின் அடுத்த முழுநீளப் படமான ‘தரங்’ வந்தது 1984ல். நடுவில் பன்னிரண்டு வருஷம். 1975ல் தோன்றிய தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் 1980ல் பழைய கார்ப்பரேஷன் இணைக்கப்பட்ட பிறகு, அதன் பணத்தில்தான் அதை எடுக்க முடிந்தது. ஒரு கலைஞனின் முப்பதுகள் அப்படியே போயின. அந்த நஷ்டத்தை எந்தக் குழுவும் கணக்குப் பார்க்கவில்லை.

எங்கள் கிளையில் எனக்கு மூத்த சகா ஒருவர் இருக்கிறார். தொழிற்சங்கக்காரர். நேர்மையான மனுஷர். அவரிடம் இதைப் பேசினேன். ‘தீப்பெட்டிக்கும் வரி கட்டுறவன் காசுப்பா அது. ஏழு பேர் பாக்குற படத்துக்கு அவன் எதுக்குக் குடுக்கணும்?’ என்று கேட்டார். பெரிய முதலாளிகளுக்குத் தள்ளுபடியாகும் தொகைகளைச் சுட்டி இதற்குப் பதில் சொல்வது எங்கள் வட்டாரத்தில் வழக்கம். அது பதிலில்லை. ஒரு அக்கிரமத்தைக் காட்டி இன்னொரு செலவை நியாயப்படுத்த முடியாது. அவர் கேள்வியை அதன் முழு கனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டு யோசித்தால் ஒன்று தெரிகிறது. வரி கட்டுகிறவனுக்கு அந்தப் படம் காட்டப்படவே இல்லை. கார்ப்பரேஷன் படம் எடுக்கக் கடன் கொடுத்தது. காட்டத் தியேட்டர் கட்டிக் கொடுக்கவில்லை. வியாபாரத் தியேட்டர்கள் இப்படங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டிக்குள் கிடந்த படத்தை ஜனங்கள் நிராகரித்துவிட்டார்கள் என்று எழுதியது எப்படி நியாயம்? ஏழு பேர் பார்த்தார்கள் என்பது எழுபது பேருக்கு வழிவிட்டபின் சொல்ல வேண்டிய வார்த்தை. அவனுக்கு இது புரியாது, பிடிக்காது என்று அவன் சார்பில் நாமே முடிவுகட்டுவதில் பரிவைக் காட்டிலும் அலட்சியமே அதிகம் என்று எனக்குப் படுகிறது. என்னைவிட மூத்த நண்பர்கள் 1980களின் ஞாயிறு பிற்பகல்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தூர்தர்ஷன் பிறமொழிப் படங்களை ஒளிபரப்பிய நாட்கள் அவை. பக்கத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மலையாளமும் வங்காளமும் கன்னடமும் ஆங்கில எழுத்துக்களின் துணையோடு பார்த்தார்களாம். பாதி பேர் தூங்கியிருக்கலாம். தூங்காமல் இருந்தவர்களில் சிலர் இந்தப் பத்திரிகையின் வாசகர்களாக இருக்கக்கூடும்.

ஆகவே கொடுப்பது பாதிக் காரியம். காட்டுவது மறுபாதி. நம் சர்க்கார் ஒரு கையால் கொடுத்து மறுகையால் மூடிக்கொண்டதற்கு ஆனந்த் பட்வர்தனின் வழக்குகள் போதும். அவருடைய ‘ராம் கே நாம்’ 1992ல் வந்தது. தேசிய விருது பெற்றது. பல வருஷ வழக்குக்குப் பின்புதான் அதைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. 1995ல் முடிந்த ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ படத்துக்கும் தேசிய விருது உண்டு. அதை ஒளிபரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2006 ஆகஸ்டில். விருது கொடுப்பதும் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம். தூர்தர்ஷன் இருப்பதும் அதன் நிழலில். ஒரு அறையில் மாலை போட்டு, அடுத்த அறையில் கதவைச் சாத்துகிற விநோதம் இது. ஒலி ஒளி அலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியிலேயே அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. தூர்தர்ஷனுக்கும் வானொலிக்கும் சுயாட்சி தருகிற பிரசார் பாரதி சட்டம் 1990ல் நிறைவேறி, ஏழு வருஷம் தூங்கி, 1997ல் அமலுக்கு வந்தது. சட்டம் வந்தும் பணம் சர்க்காரிடமிருந்தே வர வேண்டியிருந்தது. பணம் வரும் திசையை நோக்கியே முகம் திரும்பி நிற்பது மனித சுபாவம். ஸ்தாபனங்களுக்கும் அதே சுபாவம்தான்.

சட்டத்தை இன்னும் கெட்டியாக எழுதியிருந்தால் சரியாகியிருக்குமோ என்று நான் நினைத்ததுண்டு. அமெரிக்காவில் அப்படித்தான் எழுதிப் பார்த்தார்கள். 1967ல் கார்ப்பரேஷன் ஃபார் பப்ளிக் பிராட்காஸ்டிங் என்ற அமைப்பை உண்டாக்கி, அரசியல்வாதியின் கைக்கும் ஒளிபரப்பாளனின் கழுத்துக்கும் நடுவில் நிறுத்தினார்கள். பின்னர், இன்றைய கோபத்துக்கு நாளைய பணத்தை வெட்ட முடியாதபடி, இரண்டு வருஷம் முன்னதாகவே தொகையை ஒதுக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். சுயேச்சையாகப் படம் எடுப்பவர்கள் போராடியதன் பேரில், அவர்களுக்கென்றே ஒரு தனி அமைப்பு வேண்டும் என்று 1988ல் சட்டமாயிற்று. ஐ.டி.வி.எஸ். என்ற அந்த அமைப்பு 1991ல் வேலையைத் தொடங்கியது. வேலி போட்டு, வேலிக்குள் வேலி போட்டார்கள். 2025 ஜூலையில், முன்கூட்டியே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அதே காங்கிரஸ் சபை திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் அந்தக் கார்ப்பரேஷன் தன் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. வேலி மோசமான வேலி இல்லை. ஐம்பத்தெட்டு வருஷம் நின்றிருக்கிறது. ஆனால் வேலியை நட்டவனே பிடுங்க வரும்போது தடுக்க, வேலிக்கு வெளியே ஆட்கள் நிற்க வேண்டும். போதுமான பேர் நிற்கவில்லை.

நின்ற ஒரு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், 1984ல் நண்பர்களோடு கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு ஒடேஸா என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் ‘தி கிட்’டைப் போட்டுக் காட்டினார்கள். கூடியவர்களிடம் சிறு சிறு தொகைகளாக வசூல் செய்தார்கள். 1986ல் ‘அம்ம அறியான்’ அப்படி உருவாயிற்று. காசு கொடுத்தவனுக்கு வட்டியோ அசலோ கிடையாது. படம் கிடைக்கும், அவ்வளவுதான். கட்டமே இல்லாத மனு அது. அங்கே யாரும் யாரிடமும் பொய் சொல்ல நேரவில்லை.

ஆனால் இதைக் காட்டி, ‘இப்படிச் செய்ய வேண்டியதுதானே, சர்க்கார் எதற்கு?’ என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜான் ஒரு விதிவிலக்கு. அடுத்த வருஷமே, 1987ல், அவர் இறந்துபோனார். படைப்பதோடு துண்டேந்தி ஊர் சுற்றவும் தெம்பு உள்ளவன் மட்டுமே படம் எடுக்கலாம் என்று வைத்தால், கூச்ச சுபாவக்காரனும் நோயாளியும், இரவில் வெளியே போக முடியாத பெண்ணும் எடுக்கவே முடியாது. பொது ஸ்தாபனம் தேவைப்படுவது இவர்களுக்காகத்தான். 2000ல் டில்லியில் தொடங்கிய பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் டிரஸ்ட், சுயேச்சையான டாகுமென்டரிக்காரர்களுக்குப் பணம் கொடுத்து, முடிந்த படங்களைத் தூர்தர்ஷனிலும் காட்டியது. கொடுப்பதையும் காட்டுவதையும் சேர்த்துச் செய்த முயற்சி என்பதால் அதைச் சொல்கிறேன். 2022ல் ஃபிலிம்ஸ் டிவிஷன், ஆவணக் காப்பகம், திரைப்பட விழா இயக்ககம், குழந்தைகள் திரைப்படச் சங்கம் எல்லாவற்றையும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். நிர்வாக சௌகரியம் என்றார்கள். நாலு வாசல் இருந்த இடத்தில் ஒரு வாசல். அங்கே மனு திரும்பினால் போய்க் கேட்க அடுத்த வாசல் இல்லை.

என் நிலைப்பாடு என்ன என்று கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும். சுதந்திரத்தை எந்த ஸ்தாபனமும் கலைஞனுக்குக் கொடுக்க முடியாது. அது அவன் கொண்டுவருவது. ‘இல்லை’ என்று அவன் நிஜம் எழுதும்போது, அதை மாற்றி எழுதச் சொல்லாமல் இருக்க ஸ்தாபனத்தால் முடியும். எவ்வளவு செலவு, எப்போது முடிப்பாய், முடித்ததைக் காட்டு என்று கேட்க அதற்கு உரிமை உண்டு. பொதுப்பணத்துக்கு அது கடமையும்கூட. என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல் என்பதைக் கேட்கக் கூடாது. தெரிந்திருந்தால் அவன் படம் எடுக்க மாட்டான். அந்தக் கட்டத்தில் ஒரு பொய்யை எழுதப் பழகியவன், அடுத்த பொய்யைப் படத்தில் எழுதுவான்.

இதையெல்லாம் சர்க்காரை நோக்கிச் சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சுலபம். விமர்சனம் எழுதுகிற நானும் பல முறை ‘இந்தப் படைப்பால் என்ன பயன்?’ என்று இதே பக்கங்களில் கேட்டிருக்கிறேன். அது கடன் பிரிவின் கேள்வி என்று அப்போது தோன்றவில்லை. ஏழு பேராக மிஞ்சிய அன்று, திரைப்படக் கழகத்துக்கு நான் சந்தா பாக்கி வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் போன மாதம் கிளைக்கு வந்திருந்தார், பாஸ்புக்கில் வரவு பதிய. நீர்ப்பாய்ச்சியைப் பற்றிக் கேட்டேன். போன கார்த்திகையில் காலமாகிவிட்டார் என்றார். படம் எடுத்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதிந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.