கலப்பின மலரும் காப்போர் கடனும்

காத்தோங் வட்டாரத்துச் சிலோன் சாலையில் உள்ள செண்பக விநாயகர் ஆலயம், ஒரு மரத்தின் பெயரைத் தன் பெயராகக் கொண்டது. 1850களில் அவ்விடத்துக் குளத்தருகே, செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்தது என்று தலவரலாறு கூறும். பொன்னிறச் செண்பகம் இயற்கை ஈன்ற இனம். விதையினால் தன் வழியைத் தானே தொடர்வது. சிங்கப்பூர்த் தோட்டங்களில் மணம் பரப்பும் வெள்ளைச் செண்பகமோ இரு வேறு இனங்களின் கூட்டிலே பிறந்தது. அது விதை தருவது அரிது. ஒருவர் பதியமிட்டோ ஒட்டுக்கட்டியோ வளர்த்தாலன்றி அதற்கு அடுத்த தலைமுறை இல்லை.

மணத்தை நுகர்ந்து மகிழும் மாந்தர், பிறப்பை ஆராய்ந்து ஒன்றை இயற்கை என்று போற்றி, மற்றொன்றைச் செயற்கை என்று தள்ளுவது முறையாகுமா? காத்தோங்கில் நின்றுகொண்டு அவ்வாறு தள்ளுதல் எளிதன்று. சீன மரபும் மலாய் மரபும் கலந்த பெரனாக்கான் வாழ்க்கை, உடையிலும் உணவிலும் அழகு பெற்ற இடம் அது. ஆயினும் இந்த ஒப்புமையை நெடுந்தொலைவு கொண்டு செல்லலாகாது. பண்பாட்டுக் கலப்பு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். கலப்பினச் செடிகள் பலவற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை.

சிங்கப்பூரின் தேசிய மலரையே காண்போம். ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்த ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார், தஞ்சோங் பகாரில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் மலர்ந்த ஆர்க்கிட் ஒன்றைத் தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். மலாய் நாட்டுச் சதுப்பு நிலங்களில் வளரும் ஓர் இனமும், பர்மா முதலிய வட நாடுகளுக்குரிய மற்றோர் இனமும் கலந்து பிறந்த மலர் அது. ரிட்லி 1893இல் அதனை உலகுக்கு அறிவித்தார். வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் பெயர் நிலைத்தது. அம்மையார் 1899இல் மறைந்தார். மலர் 1981இல் தேசிய மலராயிற்று.

அம்மையார் அதனைத் தம் கையால் உருவாக்கினாரா, வண்டு செய்த வேலையைக் கண்டெடுத்தாரா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். ரிட்லியோ அம்மையாரே கலப்புச் செய்தார் என்று அன்றே எழுதியிருந்தார். ஒரு பெண்மணியின் உழைப்பை வண்டுக்கு வழங்க முன்வந்தவர்கள், அதே தாராளத்தை ஆண் அறிஞர்களிடம் காட்டியிருப்பார்களா என்பது ஐயமே. 2016இல் அரசு அமைப்புகள் அவரையே அம்மலரை உருவாக்கியவராக ஏற்றன.

ஆக்கியவர் யார் என்ற வழக்கு தீர்ந்தது. காத்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. அச்செடியின் தண்டைத் துண்டாக நறுக்கி, கம்பத்தில் கட்டி, நல்ல வெயிலில் நிறுத்தினால் வேர்விடும். இவ்வாறு கைமாறிக் கைமாறியே அது ஊரெங்கும் பரவியது; ஹவாய்த் தீவுகள் வரை சென்று அங்கே மாலைகளாகவும் தொடுக்கப்பட்டது. நறுக்கி நட்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கலப்பின மலர் மனத்தைக் கவர்வதன் காரணம் அதன் நிறம் மட்டுமன்று. ஆர்க்கிட் விதை தூசு போன்றது. முளைப்பதற்கு வேண்டிய உணவு அதனிடம் இல்லை. காட்டில் பூஞ்சையின் துணையால் முளைக்கும். 1922இல் அமெரிக்க அறிஞர் நட்சன் குடுவைக்குள் ஊட்டக்கூழில் அதனை முளைக்கவைக்கும் முறையைக் கண்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹால்ட்டம் 1928இல் கலப்பினப் பணியைத் தொடங்கினார். ஒரே காயில் பிறந்த கன்றுகள் வெவ்வேறு சாயலில் பூக்கும். அந்த முதல் மொட்டு விரியும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவன் அடையும் ஆவல், பேராசை என்று பழிக்கத்தக்கதன்று. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிய கபிலர் இருந்திருந்தால் நூறாவதையும் தேடியிருப்பார்.

பழி வேறிடத்தில் இருக்கிறது. அண்டை வீட்டாரிடம் இல்லாதது தன்னிடம் இருக்கவேண்டும் என்று வாங்குபவன், அது அவர்களிடமும் வந்துசேர்ந்த நாளில் தன் செடிக்கு நீர் ஊற்ற மறக்கிறான். சதுப்பில் நிற்கும் காட்டினம் அவன் மறதியால் வாடாது. தொட்டியில் நிற்கும் கலப்பினத்துக்கோ அவனையன்றி வேறு காடு இல்லை. மனிதன் தன் மகிழ்ச்சிக்காக வருவித்த உயிர் அது. வேண்டாம் என்று விலகும் உரிமை, வேண்டும் என்று வருவித்தவனுக்கு எவ்வளவு உண்டு?

காத்தோங்கின் பழைய மாளிகை ஒன்றை இடிக்குமுன் வீட்டார் மேசையையும் நாற்காலியையும் எண்ணி ஏற்றுவர். வேலியோரத்து வாண்டாவில் ஒரு முழத் துண்டை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் செல்பவரும் அவர்களுள் ஒருவர் இருப்பார்.