வெறுங்கை என்று யார் சொன்னது?

ஏழை ஜனங்கள் நடுவே ஆலயம் கட்டப் புறப்பட்ட தம்பியே, தங்கையே! "ஸ்பான்சர் கிடைத்தால் வேலையை ஆரம்பித்துவிடலாம் ஐயா" என்று சொல்வதை இன்றோடு நிறுத்து. பாதியில் நிற்கும் சுவரையும் துருப்பிடித்த கம்பியையும் படம்பிடித்து அனுப்பிவிட்டு, யார் மனம் இரங்கும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கவா உன்னை அழைத்தார்கள்? தலையை நிமிர்த்து. உன் காலனியைப் பார். கொத்தனார் இருக்கிறார். சித்தாள் இருக்கிறார். கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் அடிக்கிறவர், பெயின்டர் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊரில் உள்ள மாடிவீடுகளையெல்லாம் கட்டிக் கொடுத்த கைகள் அவை. அந்தக் கைகளுக்குச் சொந்தமாக ஓர் ஆலயம் கட்ட முடியாதா?

முடியும். கட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் கதையைச் சொல்கிறேன், கேள்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமக் குருவானவர் வீட்டில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்கவில்லை. 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் மிஷனெரி ஊழியம் நடத்துவதைக் கண்டார். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. மறு ஆண்டே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவை. பனங்காட்டு ஊர்களின் சபைகள் தெலுங்கு நாட்டுக்கு மிஷனெரிகளை அனுப்பின!

அத்தோடு அசரியா ஓயவில்லை. ஊர் ஊராகப் பேசி மற்றவர்களை அனுப்பிய மனிதர், 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே நிஜாம் ராஜ்ஜியத்தின் தோர்னக்கல்லுக்குக் குடிபோனார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு தெலுங்கு படித்தார். "எனக்கு மொழி வராது, வயதாகிவிட்டது" என்று தயங்குகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் நின்று, உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது சமமாகப் பழகும் நட்பு என்று வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். அவரைப் பேராயராக்கும் பேச்சு எழுந்தபோது, இந்தியர் ஒருவருக்குக் கீழே ஐரோப்பியர் ஊழியம் செய்வதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். எதிர்ப்பு எதிர்ப்பாகவே இருந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அவர் போய்ச் சேர்ந்த ஜனங்கள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே குடிசை, பண்ணையாரின் நிலத்தில் பாடு, பொதுக் கிணற்றை நெருங்கவும் தடை. இவர்களைப் பார்த்தால் இரக்கப்பட்டு ஏதாவது கொடுத்துவிட்டு வரத்தான் நமக்குத் தோன்றும். அசரியா அவர்களிடம் காணிக்கை கேட்டார்! கொடுப்பதைப்பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். நான் அவர் கட்சிதான். "பாவம், இவர்களிடம் என்ன இருக்கிறது" என்று சொல்லும் இரக்கம் அந்த மனிதரை ஆயுசுக்கும் கைநீட்ட வைத்துவிடும். "நீயும் கொடு, இது உன் ஆலயம்" என்று கேட்பவனே அவருக்கு மரியாதை செய்கிறான்.

கொடுக்க ரொக்கம்தான் வேண்டுமென்று யார் சொன்னது? நம் கிராமச் சபைகளில் பிடியரிசி தெரியாத வீடு உண்டா? உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திருப்பி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை அது முந்தானையில் முடிந்து கோவிலுக்குப் போகும். அறுப்பின் பண்டிகை வந்தால் முதலில் காய்த்த பூசணி, கால் கட்டிய சேவல், ஒரு கொட்டான் கருப்பட்டி எல்லாம் ஏலத்துக்கு வரும். நாலு ரூபாய்ப் பொருளை நாற்பது ரூபாய்க்கு எடுத்துவிட்டுச் சிரித்தபடி நிற்பார் ஒரு கூலித் தொழிலாளி. மிசோரம் மலைகளிலும் இதே பிடியரிசிதான், வேளைக்கு ஒரு பிடியாகச் சேர்ந்து, மிஷனெரிகளை அனுப்பும் நிதியாகிறது.

அசரியாவிடம் திரும்புவோம். அவர் கட்டிய தோர்னக்கல் பேராலயம் எழும்பி முடியக் கிட்டத்தட்ட 25 ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்துக் கோபுரத்தை அசரியா காப்பியடிக்கவில்லை. கோவில் மண்டபத்தைப் போன்ற கல்தூண்கள், மசூதியின் குவிமாடம், தாமரை, சிலுவை என்று அந்த மண்ணின் கட்டடக்கலையை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தார். 1939 ஜனவரி 6, பிரசன்னத் திருநாளன்று அது பிரதிஷ்டையானது. பொதுக் கிணற்றருகே போகக்கூடாது என்று விரட்டப்பட்ட ஜனங்கள், அந்தக் கல்தூண்களுக்கு நடுவே உரிமையோடு உட்கார்ந்தார்கள்.

25 ஆண்டுகள்! நீ இரண்டு வருடத்தில் சோர்ந்துபோகிறாய். அஸ்திவாரம் போட்டு மூன்று மழை போய்விட்டதா? போகட்டும். இந்த வருடம் பேஸ்மட்டம் வரை, அடுத்த வருடம் லிண்டல் வரை என்று வேலை ஏறட்டும். வெளியிலிருந்து உதவி வந்தால் நன்றியோடு வாங்கிக்கொள். வரும்வரை சாந்துச் சட்டி சும்மா கிடக்கக் கூடாது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜனங்களை உட்காரவை. கட்டடக் கமிட்டியைத் தேர்ந்தெடு. அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். இரண்டு கொத்தனார்களாவது இருக்கட்டும். கணக்கு நோட்டை யார் கேட்டாலும் பார்க்கும்படி வை. அதன் முதல் வரவில் உன் பெயரை எழுது.