ஏழைக்கு வீடு எங்கே?



சென்ற மாதம் நம் பங்கின் பெரியவர்கள் சிலர் ஒரு மனுவோடு வந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் கூவம் கரையோரமிருக்கும் குடிசைகளை அகற்றி, அங்குள்ளவர்களுக்கு நகருக்கு வெளியே அடுக்குமாடி வீடு கொடுக்கும்படி சர்க்காரை வேண்டும் மனு அது. "சாமி முதல் கையெழுத்துப் போடணும்" என்றார்கள். நான் போடவில்லை. காரணத்தை வாசற்படியில் நின்று சொன்னால் போதாது; ஆகையால் எழுதுகிறேன்.

மனு கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்டதல்ல. அந்தக் கரையில் அவஸ்தைபூசுதல் கொடுக்கப் போன ஓர் இரவில், கிழவி படுத்திருந்த பாயைச் சுற்றிச் சாக்கடைத் தண்ணீர் நின்றது. ஒரே அறையில் தாய் தகப்பனும் வயதுவந்த பிள்ளைகளும் படுத்தெழும்பும் குடும்பத்துக்கு அடக்கவொடுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது, அநுசரிப்பது எப்படி? புண்ணிய வாழ்வுக்குச் சரீரத்துக்கு வேண்டியவையும் ஓரளவு அவசியம் என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ். குருமடத்தில் அது எனக்குப் பரீட்சைக்குப் படித்த விஷயம். இப்போது அப்படியில்லை.

ஆகவே நல்ல வீடு வேண்டும் என்பதில் தர்க்கமில்லை. நல்ல வீடு கொடுக்கிறோம் என்பதற்காக, அதை நாம் நினைத்த இடத்தில் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

ஆக்காப் அரசனும் நாபோத்திடம் அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்றுதான் முதலில் பேசினான். பேச்சு நியாயமாகவே இருந்தது. நாபோத்துக்கு அந்த நிலம் வெறும் மண்ணல்ல என்பது மட்டும் அவனுக்குப் புரியவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அப்படிப் போன ஒரு தாய் சில மாதங்களில் திரும்பிவந்து, இங்கே வாடகைக் குடிசையில் குடியேறினாள். கொடுத்த வீட்டை விட்டு வந்தாயே, இது நன்றிகெட்ட செயலல்லவா என்று நான் கடிந்துகொண்டேன். அவள் சொன்னாள்: "சாமி, விடியக்காலையில வேலைக்கு வந்து நிக்கணும். பஸ்ஸுலேயே பொழுது போயிடுது. ரெண்டு வீட்டு வேலை போச்சு. வீடு இருக்கு, அடுப்பு எரியலையே." எனக்குப் பதில் வரவில்லை. அவள் பாத்திரம் துலக்கும் வீடுகள் நம் பங்கின் வீடுகளே. மனுவில் கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் வீட்டு வேலைக்காரி அந்தக் கரையிலிருந்து வருகிறாள் என்று அவரவரே பார்த்துக்கொள்ளட்டும்.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஏற்பட்டது. மறு ஆண்டு வந்த சட்டத்தின் பெயரிலேயே மேம்பாடு முதலிலும் அகற்றுதல் பிறகும் இருக்கிறது. 1977-ல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய திட்டத்தில், பல குடிசைப் பகுதிகளுக்கு இருந்த இடத்திலேயே குழாயும் கக்கூசும் தெருவிளக்கும் சாக்கடை வசதியும் வந்தன. மனையும் தங்களுக்கே சொந்தமாகும் என்ற நம்பிக்கை வந்தபின், ஓலைச் சுவரைச் செங்கற்சுவராக்க ஏழை தானே கடன்பட்டான். கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் பிற்பாடு வந்தவை. 2021-ல் வாரியத்தின் பெயரும் மாறியது.

"நிலம் அவர்களுடையதல்லவே" என்பார்கள். உண்மைதான். தண்ணீரின் விளிம்பிலுள்ள குடிசைகள் அங்கே இருக்கக்கூடாது என்பதும் உண்மை; வெள்ளம் பட்டாவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய "லவ்தாதோ சி" நிருபத்தில், இப்படிப்பட்ட குடியிருப்புகளை இடித்துத் தள்ளுவதைவிட மேம்படுத்துவதையே விரும்புகிறார். இடம் மாற்றியே தீரவேண்டுமானால், முன்கூட்டியே அறிவித்து, தகுந்த வீடுகளில் தெரிந்துகொள்ள வழிவிட்டு, அந்த ஜனங்களையும் ஆலோசனையில் சேர்க்கவேண்டும் என்கிறார். நம் மனுவோ அவர்களில் ஒருவரையும் கேளாமல் எழுதப்பட்டது. எனக்குத் தடையாயிருந்தது இதுவே.

அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் இப்போது வீடு வீடாய்ப் போய்க் கேட்டு எழுதிவருகிறார்கள். விளிம்பிலுள்ள சில குடும்பங்கள் பக்கத்திலேயே இடம் கிடைத்தால் மாறச் சம்மதிக்கின்றன. மற்றவர்கள் கேட்பது தண்ணீர்க்குழாய், பெண்களுக்குத் தாழ்ப்பாளுள்ள கக்கூஸ், மழைக்கு முன் கூரை. தர்மத்துக்குப் பணம் கொடுத்துவந்த நம் குடும்பங்கள் இந்த முறை மாநகராட்சி அலுவலகத்துக்கு அவர்களோடு நடந்துவரவும் வேண்டியிருக்கும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவோம். கரையிலிருப்பவர்கள் முதலில் பேசுவார்கள். புது மனு அதன்பின் எழுதப்படும். பழைய மனுவைக் கொண்டுவந்த பெரியவர்களும் தயவுசெய்து வரவேண்டும். நாற்காலிகள் போதா, முடிந்தவர்கள் பாய் கொண்டுவரவும்.

உங்கள் பங்குக்குரு